நிலவறையில் நீ வைத்திருந்த விமானம்

இன்று மத்தியானம் உன் பெட்டிக்கு நானே மின்சாரம் கொடுத்தேன். கொடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே அந்த மணம் வந்துவிட்டது. இரும்பு சூடாகி, அதன்மேல் படிந்திருக்கும் தூசி மெல்லக் கருகும் மணம். குளிர்காலம் தொடங்கி முதல்முதல் ஹீட்டரைத் திருகும் நாளில் வீட்டில் வருமே, அது. நீ பக்கத்தில் இருக்கிறாய் என்று என் மூக்கு நம்பிவிட்டது. அதற்கு இன்னும் யாரும் செய்தி சொல்லவில்லை போலும்.

பெட்டியை நேற்று உன் இசைக்குழுவின் ட்ரம்காரன்தான் கொண்டுவந்து தந்தான். அந்த மொட்டைத்தலையன், என்னைப் பார்த்து முதல்நாள் சிரித்தவன், நேற்று வாசலில் நின்று அழுதான். "அபியின்ரை அம்மாட்டைக் குடு எண்டு சொன்னவள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். பழைய றேடியோவின் பச்சை இரும்புக் கூடு. முன்னால் ஏழெட்டுக் கறுப்புக் குமிழ்கள். நடுவில் மட்டும் காஸ் அடுப்பிலிருந்து கழற்றிப் பொருத்திய பெரிய வெள்ளைக் குமிழ், பூச்சியத்திலிருந்து ஆறுவரை இலக்கம் போட்டது. குசினிச் சாமானை வைத்து வானத்தை ஆளுகிறாய் என்று உன்னை எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன்.

உனக்குத் தமிழ் தெரியாது. நாம் பேசியது ஜேர்மன் மொழி, டொச். உன்னுடையது சிலி நாட்டு டொச், என்னுடையது யாழ்ப்பாணத்து டொச். இந்த நாட்டுக்காரர் கேட்டால் இரண்டுமே விளங்காது. எங்களுக்குள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் விளங்கியது. நீ சொன்னதெல்லாம் என் தலைக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகவே பதிந்து கிடக்கிறது. ஆகவே இந்த மடலில் நீ யாழ்ப்பாணத்துக்காரி. கோபிக்காதே.

பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று நல்ல பனிமூட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் விமான நிலையம் என்று வீட்டுக்காரர் சொல்லத்தான் செய்தார். ஆனால் அன்று ஒன்றும் பறக்கவில்லை. குடிவந்த மறுநாள் காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, கூரையை உரசுவதுபோல ஒன்று வந்தது. எங்கள் ஊரில் சகடை என்று நாங்கள் சொல்லும் விமானம் ஒன்று இருந்தது. மெல்ல வரும், தாழ வரும். பின்கதவைத் திறந்து குண்டுகளைப் பீப்பாய்களில் உருட்டிவிடும். அதன் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும். பேர்லினில் என் கூரைக்கு மேலே போனது கோட் போட்ட கனவான்களை ஏற்றி இறக்கும் சின்ன விமானம். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், தோசை கருகிக்கொண்டிருக்க, நான் மேசைக்குக் கீழே இருந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். கதவுக்குப் பின்னால் ஒரு பை வைத்தேன். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், அபியின் கம்பளிச் சட்டை. "பேர்லின்லை என்னத்துக்கப்பா இந்தப் பை?" என்று என் கணவர் கேட்டார். றெஸ்ரோறன்ற் குசினியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் மனிதர். "அது கிடக்கட்டும், உங்களுக்கு இடைஞ்சலே?" என்றேன். அவரும் ஊரில் அதே சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்தானே. பையைத் தாண்டிப்போய்க் கை கழுவினார்.

பிறகு அபியின் கிண்டர்கார்டனிலிருந்து கூப்பிட்டார்கள். நாளும் நேரமும் குறித்துத் தெர்மின் தந்து, ஒரு சின்னக் கதிரையில் என்னை இருத்தி, அந்த ஆசிரியை மெதுவாகக் கேட்டாள். விமானம் போகும்போது அபி மேசைக்குக் கீழே போய்விடுகிறாள், அதுகூடப் பரவாயில்லை, மற்றப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போகிறாள். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுக்கிறார்கள். "ஒன்று மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. ஏன் எல்லாரும் வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள்?"

குண்டு விழும்போது வாய் மூடியிருந்தால் காதுச் சவ்வு கிழிந்துவிடும். எங்கள் ஊரில் எழுத்துப் படிக்க முதல் பிள்ளைகள் படிப்பது அது. அபி பேர்லின் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். ஒரு பட்டாசுக்கு மேல் எதையும் கேட்டறியாதவள். நான் அவளுக்கு வாயால் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தே படித்திருக்கிறாள். விமானத்துக்குப் பயந்ததைவிட அன்று என் பிள்ளையின் திறந்த வாய்க்குப் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "இஞ்சேரும், ஊர், காணி, எல்லாம் விட்டிட்டு வந்தனாங்கள். இதை மட்டும் ஏன் கொண்டுவந்து பிள்ளையிட்டைக் குடுத்தனீர்?" அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

அதே கிழமைதான் உன்னைக் கண்டேன்.

மழை பெய்த பின்னேரம். அபி படம் கீறிக்கொண்டிருந்தாள், நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் தொடங்கியது. வழக்கமான விமானம் வரும், போகும். இது போகவில்லை. தலைக்கு மேலேயே நின்று வட்டமிட்டது. அலுமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டின. மேசை போதாது என்று உடம்பு சொன்னது. பையை ஒரு கையில், அபியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, செருப்பும் இல்லாமல் நாலு மாடியும் இறங்கி நிலவறைக்கு ஓடினேன். இறங்க இறங்கச் சத்தம் கூடியது. அப்போதாவது நின்றிருக்க வேண்டாமா? சத்தம் கேட்டால் மண்ணுக்குக் கீழே போ என்றுதானே எனக்குப் பழக்கியிருந்தார்கள். நான் அந்தச் சத்தத்துக்குத் தப்பி அந்தச் சத்தத்தின் வீட்டுக்கே ஓடிக்கொண்டிருந்தேன்.

இரும்புக் கதவைத் தள்ளினேன். ஒரு சிவப்புப் பல்ப். தரையெல்லாம் வயர்கள். தலைமயிர் முகத்தை மூடிய மூன்று பேர், ட்ரம்முக்குப் பின்னால் அந்த மொட்டைத்தலையன். கவிழ்த்து வைத்த பியர்ப் பெட்டியில் நீ இருந்தாய். உன் கை வெள்ளைக் குமிழில் இருந்தது. நான் அபியை எனக்குக் கீழே போட்டுக்கொண்டு குப்புற விழுந்தேன். என் வாய் திறந்திருந்தது.

நீ குமிழைத் திருப்பினாய். ஆறு, ஐந்து, நாலு. விமானம் தூரப்போனது. பிறகு இல்லாமலே போனது.

ட்ரம்காரன் சிரித்தான். நீ உன் மொழியில் ஏதோ ஒரு சொல் எறிந்தாய், வாயை மூடிக்கொண்டான். நீ என்னைப் பார்க்கவில்லை, என் பையைப் பார்த்தாய். "பாஸ்போர்ட்" என்றாய். "தண்ணி. பிஸ்கட். பிள்ளைக்குக் குளிர்ச் சட்டை." நான் மண்டையை ஆட்டினேன். "எங்கட அம்மாவும் கதவுக்குப் பின்னாலைதான் வைச்சிருந்தவ." இந்த நாட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அந்தப் பையை விளக்கம் கேட்காமல் விளங்கிக்கொண்ட முதல் ஆள் நீ.

நான் இன்னும் தரையில்தான் கிடந்தேன். நீ பல்ப்பைக் காட்டினாய். "லைற்றைப் பார். ஆடுதோ?"

"இல்லை."

"அப்ப தேத்தண்ணி குடிக்கலாம்."

உங்கள் நாட்டில் நிலம் அடிக்கடி நடுங்குமாம். நடுங்கத் தொடங்கியதும் எல்லாரும் முதலில் விளக்கை அண்ணாந்து பார்ப்பார்களாம். விளக்குப் பெரிதாக ஆடினால் ஓட்டம், இல்லாவிட்டால் கையில் இருக்கும் கோப்பையைக் குடித்து முடிப்பது. நிலத்தையே நம்ப முடியாத ஊரில் பிறந்தவளும் வானத்தை நம்ப முடியாத ஊரில் பிறந்தவளும் அன்று ஒரு நிலவறையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அபி உன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் வேலை முடிந்து வரும் வழியில், அபியையும் கூட்டிக்கொண்டு, அந்த நிலவறையில் எட்டிப்பார்ப்பது வழக்கமாகிவிட்டது. விடியப்புறம் பேக்கரியில் மாவோடு மல்லுக்கட்டிவிட்டுப் பகலில் அங்கே இருப்பாய். உங்கள் தலைநகர் சந்தியாகோவின் ஓரத்தில், ரயர்க் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டிலில், நீங்கள் வாசித்துப் பழகிய கதையை அங்கேதான் சொன்னாய். உங்களைப் போல இன்னும் சில குழுக்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொட்டிலில். ஒரு பாட்டு அரை மணித்தியாலம் போகும், சொற்கள் அநேகமாக இராது. கிற்றாரும் மின்பெட்டிகளுமாய் ஒரே சுருதியில் தொடங்கி வானத்துக்குக் கிளம்பிவிடும். வானொலி போடாது, பத்திரிகை எழுதாது. இசைத்தட்டுகளை நீங்களே அட்டைக்குள் போட்டு, ஜேர்மனியிலும் யப்பானிலும் இருக்கும் முகம் தெரியாத ரசிகருக்குத் தபாலில் அனுப்புவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சுவரில் தட்டி ஏசுவார்.

உன் அண்ணன் எங்கேயோ பதிந்துவந்த பழைய ஜேர்மன் இசை ஒலிநாடாவிலிருந்துதான் எல்லாம் தொடங்கியதாம். "அந்தப் பாட்டுப் பிறந்த ஊரைப் பாக்கவேணும் எண்டு வந்தம். இஞ்சை வந்து கேட்டால் பேக்கரியிலை ஒருத்தருக்கும் அது தெரியாது" என்று வயிற்றைப் பிடித்துச் சிரித்தாய். நீ பாட்டைத் தேடி உலகத்தின் அந்தத் தொங்கலிலிருந்து வந்தவள். நான் சத்தமே இல்லாத ஓர் இடத்தைத் தேடி வந்தவள். இருவரும் ஒரே கட்டிடத்தில் வந்து மாட்டியிருந்தோம்.

உன் சின்ன வயதில் நாட்டை இராணுவம் ஆண்டது. ஊரடங்கு. அம்மா வெளிநாட்டு வானொலியைக் காதோடு வைத்து மெல்லக் கேட்பாள். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒரு கீச்சலும் இரைச்சலும் வரும், செய்தியைவிட உனக்கு அதுதான் பிடிக்குமாம். நானும் என் பங்குக்குச் சொன்னேன். எங்களுக்குப் பற்றறி வரவிடாமல் தடை போட்டிருந்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்போம். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபட்டு, கிணற்றுக்குள் இறங்குவதுபோலப் போகும். நீ துள்ளி எழும்பினாய். "அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் இவ்வளவு வருஷமா மாரடிக்கிறம்! சைக்கிள் எங்கை எடுக்கலாம்?" அடுத்த நாள் உண்மையாகவே ஒரு சைக்கிளோடு நின்றாய். எங்கள் வறுமை உனக்கு வாத்தியமாகிவிட்டதே என்று எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஏன் எப்போதும் வானம் வானம் என்றே வாசிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வெளியிலை போக ஏலாது, சத்தம் போட ஏலாது. முத்தத்திலை நிண்டு நட்சத்திரம் பாக்கிறதுக்கு மட்டும் ஒருத்தரும் தடை போடேல்லை. எங்களுக்கு விட்ட ஒரே வழி அது" என்றாய்.

"எங்களுக்கு வானத்தைப் பாக்கத்தான் பயம்" என்றேன்.

நீ அபியைக் கூப்பிட்டுப் பெட்டிக்கு முன்னால் இருத்தினாய். "இதுக்குள்ளை ஒரு பிளேன் இருக்கு. எவ்வளவு பெரிசா வேணும்?"

"சின்னன்" என்றாள் அபி, காதைப் பொத்தியபடி.

ஒன்றில் வைத்தாய். காதருகே இலையான் பறக்கும் அளவு சத்தம். அவள் கையைப் பிடித்துப் பூச்சியத்துக்குத் திருப்பவைத்தாய். போய்விட்டது. அவள் உன்னைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள், திரும்ப ஒன்றுக்கு வைத்தாள். சில கிழமைகளில் அவள் நாலுக்கு வந்துவிட்டாள். வீட்டில் உண்மை விமானம் போகும்போது கையை அந்தரத்தில் நீட்டி, இல்லாத குமிழைத் திருப்புவாள். விமானம் எப்படியும் போகத்தானே போகிறது. தான்தான் அனுப்பியதாக அவளுக்கு எண்ணம்.

ஆனால் கையை நீட்டமுதல் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் மேசைக்குக் கீழே போயிருந்தால் அவளும் வந்துவிடுவாள். நான் என்ன செய்வேன்? அந்தப் பெட்டியைத் தொட எனக்கு ஏலவில்லை. ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. அக்கா ரெலிபோனில் கதைக்கும்போது பின்னால் உண்மைச் சத்தம் கேட்கும். இங்கே ஒருத்தி அதே சத்தத்தை அடுப்புக் குமிழால் திருப்பி விளையாடுவதா? நீ ஒருநாள் பொறுமை இழந்துவிட்டாய். "நீ தொடாட்டில் அவள் பெட்டியை நம்பமாட்டாள். உன்னைத்தான் நம்புவாள்." அந்தச் சொல் என்னைக் குத்தியது. இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, குமிழைப் பிடித்தேன்.

பிறகு நீ மெல்ல மெல்ல என்னை உங்கள் இசை நிகழ்ச்சி ஒன்றுக்குள் இழுத்துவிட்டாய். பழைய பியர்த் தொழிற்சாலையின் அடித்தளம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பாட்டின் நடுவில் விமானத்தைக் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, அனுப்பிவிடுவது என் வேலை. என் கணவர் கோயிலுக்குப் போகும் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார். தாடியும் தலைமயிருமாய் ஜேர்மன்காரர் தரையில் சப்பாணி கட்டி இருக்க, அவர்களுக்கு நடுவில் அபியை மடியில் வைத்துக்கொண்டு, சாமி தூக்க வந்தவர்போல நிமிர்ந்து இருந்தார்.

ட்ரம்காரன் கதவை உள்ளே பூட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டான். யாரும் எனக்கு முதலே சொல்லவில்லை. "கதவைப் பூட்டாதேங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். நீ கிட்ட வந்தாய். ஊரடங்குக் காலத்தில் ஒரு வீட்டில் ஆட்கள் கூடினால் விடியும்வரை வெளியே போக முடியாதாம், கதவைப் பூட்டிவிட்டு ஆடிப் பாடுவார்களாம். அந்தப் பழக்கத்தை நீங்கள் விடவில்லை. பாட்டுத் தொடங்கினால் முடியும்வரை கதவு திறபடாது. "இடையிலை ஓடினால் பயம் உன்னோடை கூட ஓடிவரும். முடியுமட்டும் இருந்து பார்" என்றாய். எனக்கு உன்னை அடிக்க வேண்டும்போல இருந்தது.

விளக்குகள் அணைந்தன. அதே சிவப்புப் பல்ப் மட்டும். நீங்கள் வாசிக்கத் தொடங்கி எவ்வளவு நேரம் போனதோ, நீ என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாய். நான் குமிழைத் திருப்பினேன். ஒன்று. இரண்டு. மூன்று. உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. நாலில் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. ஐந்தில் பதுங்குகுழி வந்துவிட்டது, என் முதுகுக்கு மேலே அம்மாவின் பாரம், வாய்க்குள் மண். ஆறு. வைத்திருந்தேன். நீ சொன்ன அளவு வைத்திருந்தேன். பிறகு இறக்கினேன், பூச்சியம் வரைக்கும்.

சத்தம் போகவில்லை.

நான் குமிழைப் பார்த்தேன். பூச்சியத்தில்தான் நின்றது. சத்தமோ கூடிக்கொண்டே வந்தது. இன்னும் இறுக்கித் திருப்பினேன், குமிழ் கழன்று என் கையோடு வந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார்கள். இதுவும் பாட்டுத்தான் என்று அவர்களுக்கு எண்ணம். பெட்டி அடங்கிவிட்டது, இது வேறு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மேலே, கூரைக்கு மேலே, உண்மையான ஒன்று வந்துகொண்டிருந்தது. குப்புற விழத் தரையில் இடம் தேடினேன். உன்னைப் பார்த்தேன்.

நீ வாசிப்பதை விட்டுவிட்டாய். இரண்டு கையும் நெஞ்சில். முகத்தில் இரத்தம் இல்லை. வாயைத் திறந்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பிடித்துக்கொண்டு நிற்க நினைத்த தூணே சரிந்துவிட்டது. கதவோ பூட்டிக் கிடந்தது.

அப்போதுதான் அபியைக் கண்டேன். அவள் முகட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எங்கே போகிறாளோ அங்கே போகத் தயாராக, அப்பாவின் மடியிலிருந்து பாதி இறங்கிவிட்டாள். நான் இப்போது விழுந்தால் இந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க விழுந்துகொண்டே இருப்பாள். எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. வேறு வழி தெரியாமல் பல்ப்பைப் பார்த்தேன். ஆடவில்லை. கழன்ற குமிழை எல்லாருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்து, அந்தரத்தில், ஆறிலிருந்து மெல்ல மெல்லத் திருப்பினேன். ஐந்து, நாலு, மூன்று. திருப்பினேன். அபியும் தன் கையை உயர்த்தித் திருப்பினாள். அவளைப் பார்த்து என் கணவரும், அந்த அயர்ன் பண்ணின சட்டையோடு, தன் கையைத் திருப்பினார்.

விமானம் போய்விட்டது. பக்கத்து விமான நிலையத்தில் இறங்கியிருக்கும்.

முடிந்தபிறகு ஒரு தாடிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த இரண்டாவது விமானம்! முகடே அதிர்ந்ததே, எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். அது இரகசியம் என்று சொல்லிவிட்டேன். நீ மூலையில் பியர்ப் பெட்டியில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். கோப்பை உன் பல்லில் தட்டும் சத்தம் கேட்டது.

"உனக்குமோ?" என்றேன்.

"எனக்கும்தான்." கோப்பையைத் தரையில் வைத்தாய். "எங்கட குடியிருப்பைச் சுத்தி வளைக்கேக்கை ஹெலிகொப்டர் வரும். கூரைத் தகரம் எல்லாம் துள்ளும். அண்ணாவைத் தேடி வந்தவங்கள். அந்தச் சத்தத்தைத்தான் பெட்டிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறன். வெளியிலை நிண்டால் இண்டைக்கும் ஏலாது."

அத்தனை மாதமாக என் சகடை என்று நான் பயந்தது உன் ஹெலிகொப்டர். தைரியசாலி என்று உன்னை நம்பி வந்தேன், நீயோ என்னைப்போல ஒரு பயந்தாங்கொள்ளி. சொன்னால் நம்பமாட்டாய், அன்றுதான் உன்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

அடுத்த வருஷம் உனக்குத் தலையிடி தொடங்கியது. பேக்கரிப் புகை என்றாய், நித்திரை இல்லை என்றாய். ஒருநாள் தட்டோடு விழுந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் உன்னை அந்தக் குழாய் இயந்திரத்துக்குள் விட வேண்டும் என்றார்கள். அது போடும் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே சொன்னபோது உன் முகம் எனக்குத் தெரிந்த அந்த முகமாகிவிட்டது. "நீயும் வா" என்றாய். ஒருவர் கூட வரலாம், ஆனால் உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது. காப்பைக் கழற்றினேன், தோட்டைக் கழற்றினேன். தாதி என் கழுத்தைக் காட்டினாள்.

தாலிக்கொடி. கட்டிய நாளிலிருந்து கழற்றியதில்லை. பிள்ளை பெறும்போதுகூட ஒரு நூலில் கோத்தாவது கழுத்தில் வைத்திருந்தேன். புருஷனுக்கு ஏதும் ஆகிவிடும் என்று எங்களுக்குள் அப்படி ஒரு பயம் ஊறிப்போயிருக்கிறது. நீ கட்டிலில் கிடந்து என்னைப் பார்த்தாய். அபி என்னைப் பார்த்த அதே பார்வை. பிளாஸ்ரிக் தட்டில் கொடியைக் கழற்றி வைத்தேன். குழாய்க்கு வெளியே உன் பாதங்கள் மட்டும் தெரிந்தன. இயந்திரம் இடிக்கத் தொடங்கியதும் உன் பெருவிரலைப் பிடித்தேன். அதை மெல்லத் திருப்பினேன், ஆறிலிருந்து பூச்சியத்துக்கு. உன் கால் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. திரும்பவும் ஆறு. திரும்பவும் பூச்சியம். சத்தம் முடியும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்து பயந்து பயந்து அவருக்குச் சொன்னேன். தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "அடிக்குதப்பா. சாகேல்லை. பசிக்குது, சோத்தைப் போடும்" என்றார். நான் அழுதேன். கொடியைக் கழற்றியதால் அவருக்கு வரவேண்டியது உன் பக்கம் போய்விட்டதோ என்று ஓர் எண்ணம், அதை இன்றுவரை வெளியே சொன்னதில்லை.

எங்கள் விமான நிலையத்தை மூடியபோது நீ தலைக்குள் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கடைசி விமானமும் போய்விட்டது என்று வந்து சொன்னேன். "இனி உன்ரை வானம் வெறுமை. பயமா இருக்கோ?" என்று கேட்டாய். "ஓம்" என்றேன். சத்தம் வந்தால் அது எங்கே என்று தெரியும். வராவிட்டால் காதைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீ சிரித்தாய். உனக்கு அது விளங்கியது. பனி கொட்டத் தொடங்கிய கிழமை நீ போய்விட்டாய். உன் சாம்பலை உங்கள் வடக்குப் பாலைவனத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். அங்கே வானம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பாயே.

இன்று பெட்டியைப் போட்டபோது, ஒருதரம் தனியே ஆறுவரை கொண்டுபோய் உனக்குக் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்றில் நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. மேலே உன் ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டிருந்தது, நிறுத்த நீ இல்லை. காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, உன் பெயரைச் சொல்லி அழுதேன். ஒன்றும் மாறவில்லையடி. அத்தனையும் வீண் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. அபி பள்ளிக்கூடத்தால் வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள், வந்து குனிந்து பார்த்தாள்.

"அம்மா, அவவின்ரை பெட்டியோ?"

"ஓம்."

"நிப்பாட்டட்டே?"

"வேண்டாம். கொஞ்சம் கிடக்கட்டும்."

அவள் எழும்பிப்போய் ஒன்றில் வைத்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் போனாள். பையின் சிப் திறபடும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் கையை விட்டு அவள் பிஸ்கட் பக்கற்றை எடுத்துவிட்டாள். மேசைமேல் ஏறி இருந்தாள். என் முகத்துக்கு நேரே அவளுடைய கால்கள் தொங்கி ஆடின, ஒரு காலுறையில் ஓட்டை. எனக்கு மேலே இருந்து பிஸ்கட்டை மெல்லும் சத்தம்.

"பிஸ்கட் இளகிப்போச்சு. புதுசு வாங்கி வையுங்கோ அம்மா."

இதை நான் மேசைக்குக் கீழே இருந்தபடிதான் எழுதத் தொடங்கினேன். பயம் என்னிடம் அப்படியே இருக்கிறது. இனி எந்த நாட்டுக்குப் போனாலும் அது என்னோடு வரும். ஆனால் அது என்னோடு நின்றுவிட்டது. என் பிள்ளைக்கு அந்தப் பை, பிஸ்கட் இருக்கும் பை. நீ எனக்குச் செய்தது அதுதான், இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தொங்கிய கால்கள் நின்றன. தலைகீழாக ஒரு முகம், பிஸ்கட் தூளோடு, மேசை விளிம்பால் எட்டிப் பார்த்தது.

"லைற் ஆடேல்லை அம்மா. வெளியிலை வாங்கோ, தேத்தண்ணி போடுவம்."